கீழ் மூலையில் அடுத்த போர்வை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் வெள்ளைத்தாள். நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தி செவ்வாய்க்கிழமைக்குள் பத்திரிகை ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். எதைப் பற்றி எழுதுவது?

டீ குடித்தாயிற்று. ஃபேனை இரண்டிலிருந்து நாலுக்குக் கூட்டி, மறுபடி இரண்டுக்கே குறைத்தாயிற்று. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டியாயிற்று. தாள் மட்டும் வெள்ளை மாறாமல் அப்படியே...

எனக்கு மூன்றடி தள்ளி என் மனைவி அமுலு தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். (திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் எதுவுமே மூன்றடிக்கு மேல் தள்ளி இருக்க முடியாது.) சட்டென்று காலை நிறுத்தினாள். தைத்துக்கொண்டிருந்த துணியைத் திருப்பிப் பார்த்தாள். தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

"இன்னா சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணியும் இல்லயா. அடுத்தது வந்துட்சி."

அடுத்தது என்றால் அடுத்த போர்வை. கையில் இருக்கிற போர்வையே இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. அதற்குள் அடுத்தது வந்துவிட்டதாம்! கூப்பிடாமலே, கதவைக்கூடத் தட்டாமல், நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டதாம்!

உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு வயிறு எரிந்தது.

என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அம்மா இன்றைக்கும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியவன் நான். நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால் வீட்டில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். 'புள்ள யோசிக்கிது' என்று அக்கம்பக்கத்துக்கும் சொல்லிவைப்பார்கள். பல நாள் நான் யோசிக்கவே இல்லை, தூங்கிக்கொண்டிருந்தேன் — அது வேறு கதை. ஆனால் வீட்டில் யோசிப்பதற்கென்று ஒரே ஒரு ஆள் உண்டு, அது நான்தான் என்று இருபத்தெட்டு வருடமாக நம்பி வாழ்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் அமுலு வந்தாள், தையல் மெஷினோடு.

அவள் தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். டெய்லர் என்றதும் ஒரு முழுச் சட்டையைத் தைப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வரிசையாக மெஷின் போட்டிருப்பார்கள். அமுலு தைப்பது தலையணை உறையின் ஒரே ஒரு ஓரம். காலையிலிருந்து மாலை வரை அந்த ஓரம் மட்டும். மற்ற மூன்று ஓரங்கள் வேறு மூன்று பேருக்கு. "நாலாவது ஓரம் தக்கிறவ மூஞ்சி எப்டி இருக்கும்னு கூட எனக்கு தெரியாதுயா" என்பாள்.

வீட்டுக்கு வந்தால்தான் அவளுக்கு நாலு ஓரமும் சொந்தம். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைகளிலும் தையல் கடைகளிலும் மிஞ்சுகிற பிட்டுத்துணியை மூட்டையாக வாங்கி வருவாள். வெட்டி, ஒட்டி, நடுவில் பழைய புடவையை மடித்து வைத்துப் போர்வையாகத் தைப்பாள். கம்பெனியில் இதற்கு குயில்ட் என்று பெயர். எங்கள் தெருவில் 'அமுலு போர்வை'.

முதல் போர்வையில் நீலத்துணி தீர்ந்துபோனது. ஒரே ஒரு கட்டம் பாக்கி. போனால் போகிறது என்று சாம்பல் கோடு போட்ட சட்டைத்துணியை அதில் வைத்தாள். முடித்துப் பார்த்தால், முழுப் போர்வையிலும் அந்த ஒரு கட்டம்தான் கண்ணை இழுத்தது. அதனால் இரண்டாவது போர்வை முழுக்கச் சாம்பல் கோடு. அதில் ஒரு வரிசையைக் குறுக்கே வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்திருக்க வேண்டும். பிரிக்காமல் எட்டி நின்று பார்த்தாள். ஏணி மாதிரி தெரிந்தது. மூன்றாவது போர்வை, ஏணி.

அதற்கப்புறம் இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொண்டாள். எந்தப் போர்வையாக இருந்தாலும் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு கட்டம் மட்டும் மற்றதோடு சேராது. வேறு நிறம், வேறு வெட்டு. தைத்துக்கொண்டிருக்கும்போது மனதில் வந்து இடறுகிற அடுத்த போர்வையை அந்தக் கட்டத்தில் கொஞ்சம் தைத்துப் பார்ப்பாள். பிடித்திருந்தால் அடுத்தது அதுதான்.

எனக்கு அப்படி ஏதாவது மூலை இருக்கிறதா? ஒரு பத்தி எழுதி முடித்தால் ஏதோ குழாயில் கடைசிச் சொட்டு விழுந்த மாதிரி இருக்கும். அடுத்த வாரம் தண்ணீர் வருமா, வராதா... தெரியாது.

ஒருமுறை பெருந்தன்மையாக அவளுக்கு ஒரு ஐடியா கொடுத்தேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் பஸ்ஸில் போகும்போது, யார்டில் அடுக்கியிருக்கும் கண்டெய்னர்களைக் காட்டினேன். சிவப்பு, நீலம், பச்சை, துரு... "பாரு, உன் போர்வை மாதிரியே கீது! இத்த தையேன்!" எழுத்தாளன் கண் என்றால் சும்மாவா?

அமுலு பார்த்தாள். "தெனம் பாக்கறதுதானே" என்றாள். "எட்டி நின்னு பாத்தா எனக்கு எதுவும் வராதுயா. தச்சிகினே இருந்தா தான் வரும்."

அந்த ஐடியா இன்றுவரை யார்டிலேயே கிடக்கிறது.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அது சாதாரண ஞாயிறு அல்ல. மறுநாள் திங்கட்கிழமை அமுலுவுக்குக் கம்பெனியில் ஒரு சோதனை.

பிட்டுத்துணியில் அவளே தைத்த சாப்பாட்டுப் பையைச் சூபர்வைசர் மேடம் பார்த்துவிட்டார். "இது மாதிரி புதுசா மூணு டிசைன் தச்சி எடுத்துட்டு வா. சாம்பிள் செக்‌ஷன்ல ஒரு இடம் காலியா இருக்கு" என்றாராம். சாம்பிள் செக்‌ஷன் என்றால், வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் மாதிரி தைத்துக் காட்டுகிற இடம். மொத்தமே நாலு பேர். அங்கே ஒரு ஓரம் கிடையாது. முழுசாக ஒரு பொருளை ஒருத்தியே தைக்கலாம். பக்கத்தில் ஜன்னல் வேறு. மூன்று வாரமாக அமுலு அந்த ஜன்னலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கதவுக்குப் பின்னால் இரண்டு மூட்டைகள் தொங்கும். இடது பக்கம், எதற்கும் ஆகாத நூலும் துணுக்கும். அதைக் காசிமேட்டில் படகு என்ஜின் ரிப்பேர் செய்யும் தாஸ் அண்ணன் வந்து எடுத்துப்போவார். கிரீஸ் துடைக்க அவருக்கு 'வேஸ்ட்' வேண்டும். வலது பக்க மூட்டை, அமுலுவின் 'அடுத்தது' மூட்டை. மேடத்துக்குக் காட்ட வேண்டிய மூன்று டிசைனும் அதில்தான் இருந்தன. இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவது, அன்று காலை அவளைச் சிரிக்க வைத்தது. அதன் துண்டுகளைக் குண்டூசி குத்தி அதிலேயே வைத்துவிட்டு மீன் வாங்கக் கிளம்பினாள்.

அவள் தெரு திரும்பியதும் நான் மூட்டையைப் பிரித்தேன்.

ஏன்? அந்த 'அடுத்தது' எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். திருட இல்லை. சரி... கொஞ்சம் திருடவும்தான்.

மேலே இருந்தது ஆறு மூலைத் துண்டுகள் கோத்த ஒரு டிசைன். தேன்கூடு மாதிரி. துணி மூலை மூலையாக மடிந்து நிற்பதற்காக உள்ளே ஒரு பேப்பர் வெட்டி வைத்து, அதன்மேல் துணியை மடக்கி ஓட்டுத் தையல் போடுவார்கள். பக்கத்துத் துண்டுகளோடு சேர்த்துத் தைத்தபிறகு பேப்பரை உருவி எறிந்துவிடுவார்கள். திருப்பிப் பார்த்தேன். பேப்பரில் எழுத்து. படித்தேன்.

'...வாழ்க்கை என்பது ஒரு நீண்ட வரி' என்று ஒரு துண்டு. 'சைதான், ஆனால் அந்த' என்று அடுத்தது.

என் வரி! இரண்டு மாதம் முன்னால் நான் எழுதிய பத்தி. மூன்று வாசகர்கள் போன் செய்து பாராட்டிய பத்தி! இன்னொரு துண்டைத் திருப்பினேன். என் போட்டோ. பத்தியின் தலைப்பில் போடுவார்களே, அது. ஒரு காதும் பாதி மீசையும் மட்டும் இருந்தன.

அந்த நேரம் பார்த்து வாசலில் மொபெட் வந்து நின்றது.

"வாத்யாரே! வேஸ்ட்டு கீதா?" தாஸ் அண்ணன்.

அவசரமாக மூட்டையைக் கட்டிப் பழைய இடத்தில் மாட்டினேன். உள்ளே வந்தவர் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ரெண்டு மூட்ட தொங்குது. எத்த எடுக்கறது?"

என் கை வலது பக்கம் நீண்டது.

கவனப் பிசகு என்று எழுதலாம். வலது இடது குழம்பிவிட்டது என்று எழுதலாம். நீங்கள் நம்புவீர்கள், போன் செய்து ஆறுதலும் சொல்வீர்கள். ஆனால் எனக்குத் தெரியும். குழப்பமே இல்லை. கை நீண்டபோது, நெஞ்சுக்குள் யாரோ ஜில்லென்று விசிறிய மாதிரி இருந்தது.

மொபெட் சத்தம் தெருக்கோடியில் மறைந்ததும் அந்த ஜில் நின்றுவிட்டது. வியர்க்க ஆரம்பித்தது.

அமுலு சங்கரா மீனோடு வந்தாள். செருப்பைக் கழற்றியபடியே கதவுக்குப் பின்னால் பார்த்தாள்.

"தாஸண்ணன் வந்தாரா?"

"வந்தாரு."

"அப்பறம் இன்னா லெஃப்ட்டு மூட்ட அப்டியே கீது?"

நான் மேஜைமேல் இருந்த வெள்ளைத்தாளைப் பார்த்தேன். அவள் கத்தவில்லை. மீன் பையைத் தொட்டியில் வைத்தாள். கையைக் கழுவினாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள். "வண்டிய எடு" என்றாள்.

காசிமேட்டில் தாஸ் அண்ணனின் ஷெட். தரையில் ஒரு படகின் கியர்பாக்ஸ் பிரித்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு கறுப்புக் குவியல். தேன்கூடு எது, மற்ற இரண்டும் எது என்று தெரியவில்லை. எல்லாம் கிரீஸ்.

தாஸ் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். கையிலிருந்த கிரீஸ் நெற்றியில் அப்பியது. "அய்ய... இன்னா தாயி இது! துணி சோக்கா கீதேன்னு நானும் யோசிச்சேன். உன் வூட்டுக்காரரு தான் கைய நீட்டி காமிச்சாரு. நான் மூட்டைய கையில புட்ச்சிகினு 'ரைட்டுதானா வாத்யாரே'ன்னு ரெண்டாவது வாட்டியும் கேட்டேன். தலைய ஆட்னாரு."

அமுலு என்னைப் பார்த்தாள். "ரெண்டாவது வாட்டியுமா?"

இரண்டாவது முறை கேட்டதை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். மன்னிக்கவும்.

வண்டியில் திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"தெரிஞ்சிதானே குடுத்த?"

"...ம்."

"ஏன்யா?"

"என் எழுத்த வெட்டி உள்ள வெச்சிகீற. போட்டோவ கூட உடல."

"படிச்சிட்டு தான்யா வெட்னேன். அந்த பேப்பரு தான் கெட்டியா கீது. மத்த பேப்பரு ஊசி பட்டா கிழியிது."

"அது மட்டும் இல்ல... நீ எப்ப பாரு 'அடுத்தது வந்துட்சி, அடுத்தது வந்துட்சி'ன்னு..."

அழுகிறாளோ என்று கண்ணாடியில் பார்த்தேன். முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல அவன் அவன் பொண்டாட்டி எவன்கிட்டயாவது சிரிச்சி பேசனா பொறாம படுவான். நீ இன்னாடான்னா கந்தத்துணிய பாத்து பொறாம பட்டுகினு கீற. வெளிய சொன்னா வெக்கக்கேடு!"

"சாரி அமுலு."

"சாரிய வெச்சி இன்னா பண்றது? அத்தயா நாளைக்கி மேடம்கிட்ட காட்றது?" பெரிதாக மூச்சு விட்டாள். "வூட்டுக்கு வாணாம். சரோஜாக்கா கிட்ட வுடு. பழைய போர்வைய பாக்கணும்."

சரோஜா அக்கா எங்கள் மார்க்கெட்டில் மீன் விற்பவர். அமுலு தன் இரண்டாவது போர்வையை அவருக்குத்தான் கொடுத்திருந்தாள். போர்த்திக்கொள்ளத்தான் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்து, பலகைமேல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

"இன்னாமே அமுலு, இப்பதானே சங்கரா வாங்கினு போன? அதுக்குள்ள துன்னுட்டியா?"

"அக்கா, எழுந்திரு."

"இன்னாது?"

"கொஞ்சம் எழுந்திருக்கா. உன் கீழ கீறத பாக்கணும்."

பக்கத்துக் கடைகளில் வெடித்த சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. சரோஜா அக்கா முணுமுணுத்தபடி எழுந்தார். அமுலு போர்வையை எடுத்து விரித்தாள். தேய்ந்தும் ஐஸ் தண்ணீர் ஊறியும், அவர் உட்கார்ந்திருந்த இடம் வட்டமாக வெளுத்திருந்தது. மடிப்புக்குள் மாட்டியிருந்த பகுதி மட்டும் புதுசு போல. சாம்பல் கோடுகள் வட்டத்துக்குள் மங்கி, வட்டத்துக்கு வெளியே பளிச்சென்று எழுந்து ஓடின.

அமுலு அந்த வட்டத்தின் ஓரத்தை விரலால் சுற்றி வந்தாள். பிறகு குறுக்கே தைத்த வரிசையைப் பார்த்தாள். ஏணிக்கு முதலடி போட்ட அந்த வரிசை.

"அன்னிக்கி இங்கேர்ந்து மேல போனேன். ஏணி வந்துட்சி" என்றாள், என்னிடம் இல்லை, துணியிடம். "சுத்தி போயிருந்தா?"

என் சட்டைப்பையிலிருந்து பேனாவைப் பிடுங்கி உள்ளங்கையில் ஏதோ வரைந்துகொண்டாள். என் பேனா! காலையிலிருந்து எனக்கு ஒரு எழுத்துகூடத் தராத அதே பேனா!

கிளம்பும்போது சரோஜா அக்கா என்னைப் பார்த்து அன்பாகச் சொன்னார். "நைனா, நீ எழுதுறதும் என்கிட்ட கீது. தராசுக்கு கீழ மடிச்சி வெச்சிகீறேன், ஆடாம நிக்கிது."

அடுத்து ஏழுமலை. என்னோடு ஐந்தாவது வரை படித்த தோஸ்து. இப்போது டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்றுகொண்டிருந்தான். எக்ஸ்பிரஸ் சாலையில் அந்த வரிசையில் நின்றால் சமைத்துச் சாப்பிட்டுத் துணியும் துவைத்துவிடலாம். அதனால்தான் ஏணிப் போர்வையை அவன் கேபினுக்கென்று கேட்டு வாங்கிப் போயிருந்தான்.

"போர்வைய காட்டுண்ணா" என்றாள் அமுலு.

அவன் முகம் மாறியது. "எதுக்கு? அது... அழுக்கா கீது அமுலு. கலீஜு. இன்னொரு நாளிக்கி காட்றேனே..."

"காட்டுண்ணா."

தயங்கித் தயங்கி சீட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தான். நடுவில் ஒரு ஓட்டை இருந்து, அதன்மேல் நீலத் தார்ப்பாய்த் துண்டு ஒன்று ஒட்டுப் போடப்பட்டிருந்தது. சாக்கு தைக்கிற ஆரஞ்சு நூல். ஒரு தையல் கிழக்கே, ஒரு தையல் மேற்கே. கல்யாண வீட்டில் குடித்துவிட்டு நடப்பவன் கால் மாதிரி.

"திட்டாத அமுலு. கொசுவத்தி உழுந்துட்சி. பாக்க பேஜாரா கீதுன்னு நானே கோணி ஊசிய வெச்சி..."

அமுலு திட்டவில்லை. ஏணியின் நேரான படிகளையும், அதன் குறுக்கே தள்ளாடிப் போகும் ஆரஞ்சு நூலையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அன்று காலை சிரித்த அதே சிரிப்பு.

"அடுத்தது வந்துட்சி" என்றாள்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். "இன்னா மாமு வந்துட்சி?"

நான் என்ன சொல்வது? நான் காட்டிய கண்டெய்னர் பயன்படவில்லை. அந்தக் கண்டெய்னரை இழுத்துப் போகிறவன், ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவன், ஒரு ஓட்டையை அடைத்தான்... அவளுக்கு ஐடியா வந்துவிட்டது! இவ்வளவு நேரம் மனைவியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அந்த இடத்தில், அந்த லாரிப் புகையில், ஏழுமலையைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். ஒரே நாளில் இரண்டு பேர்!

வீட்டுக்கு வந்து மீதி ஒரு டிசைனுக்கு எங்கள் கட்டில் போர்வையை விரித்தாள். அதன் கீழ் மூலை மட்டும் எப்போதும் சரசரக்கும். பேப்பர் ஒன்றை உருவாமல் விட்டிருக்கிறாள் என்று தெரியும். ஏன் விட்டாள் என்று கேட்டதில்லை. நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் தைத்தது அல்லவா... என் முதல் பத்தியாக இருக்கும், நெஞ்சுக்கு நெருக்கமாக வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று.

தையலைப் பிரித்து, ஆறு மூலையாக வெட்டிய அந்தப் பேப்பரை எடுத்தாள். ஒரு பக்கம் என் எழுத்துதான்: 'ஆகவே நாம் அனைவரும்'. அவ்வளவுதான். மறுபக்கம் போர்வெல் போடுகிறவர்களின் விளம்பரம்.

"இத்த ஏன் உள்ளயே வெச்சிருந்த?" என் குரல் எனக்கே குழைவாகக் கேட்டது.

"மறந்துட்டேன்யா" என்றாள்.

மணி மூன்று. மெஷின் ஓட ஆரம்பித்தது. வட்டம் ஒன்று, தள்ளாடும் ஆரஞ்சு நூல் ஒன்று. மூன்றாவது, கிரீஸில் போன அதே தேன்கூடு. "அது மூட்டையிலயா இருந்துச்சி? என் கையில கீது" என்றாள் தலை நிமிராமல். நான் ஒழித்துக்கட்டப் பார்த்தது என்ன, வெறும் துணிதானா? அதை நினைத்ததும் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

"சும்மா குந்திகினு இருக்காத. ஆறு மூல வெட்டிக் குடு. நாப்பது வோணும்."

"எந்த பேப்பர்ல?"

அவள் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். பரண்மேல் இருந்த என் பத்திகளின் கட்டை நானே இறக்கினேன்.

சொந்த எழுத்தைச் சொந்தக் கையால் வெட்டியிருக்கிறீர்களா? ஒருமுறை செய்து பாருங்கள். எதை முதலில் வெட்டுவது என்று தேடும்போதே எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டி வந்தது. பாதிக்கு மேல் 'போன வாரம்' என்று தொடங்குகின்றன. 'ஆகவே நாம் அனைவரும்' என்று பல இடத்தில் எழுதியிருக்கிறேன். எதற்காக அனைவரையும் கூப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. அவற்றையெல்லாம் தயங்காமல் வெட்டினேன்.

ஆனால் நடுநடுவே கத்தரி நின்றது. மழையில் நனைந்த பஸ் பாஸ் பற்றி எழுதிய பத்தியில், கண்டக்டரின் விசில் கயிறு பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் கயிற்றைப் பிடித்து ஒரு முழுப் பத்தி போயிருக்கலாமே? இன்னொன்றில், ரேஷன் வரிசையில் தன் இடத்துக்குச் செருப்பை வைத்துவிட்டுப் போன அம்மாள். அந்தச் செருப்பு என்ன ஆனது? நான் கேட்கவே இல்லை. ஒவ்வொரு பத்தியிலும் சேராத ஒரு கட்டம் இருக்கத்தான் இருந்திருக்கிறது. முடித்ததும் திரும்பிப் பார்க்காதவன் நான்தான். எழுதி முடித்தால் தாளை மடித்துவிட்டு, மறுபடி வெள்ளைத்தாள் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். எட்டி நின்று கண்டெய்னரைப் பார்க்கிற ஆள்!

அந்த வரிகளை வெட்டாமல் தனியாக எடுத்து வைத்தேன். அமுலு கவனித்துவிட்டாள்.

"இன்னா, ஒதுக்கி ஒதுக்கி வெக்கிற?"

"அடுத்தது" என்றேன். வெட்கமாக இருந்தது.

அவள் மெஷினை நிறுத்தினாள். ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "முப்பத்தியாறு தான் கீது. இன்னும் நாலு" என்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மூன்றும் முடிந்தன.

திங்கட்கிழமை மாலை அவள் வேலையிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவுக்காகத் தெருமுனையிலேயே நின்றிருந்தேன். இறங்கியவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஒரு மாதம் சாம்பிள் செக்‌ஷனில் உட்கார்ந்து தைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். சரியாக வந்தால் அங்கேயே இருக்கலாம். ஜன்னல் பக்கம்தானாம். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான் தெரிகிறதாம். "ஆனா சோக்கா கீதுயா, செங்கல் வெட்டி வெட்டி அடுக்கிகீறான்" என்றாள். அவ்வளவுதான், அதுவும் ஒருநாள் போர்வைக்குள் வந்துவிடும்.

"மூணுல எது புட்ச்சிருந்துச்சாம்?" என்று கேட்டேன். தேன்கூடு என்று சொல்ல வேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அதில்தானே உள்ளே என் எழுத்து!

"கோணல் தையல். மேடம் கையில வெச்சிகினு உடவே இல்ல. இத்த யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. எங்க அண்ணன் ஒருத்தரு, லாரி ஓட்றாருன்னு சொன்னேன்."

ஏழுமலை!

சந்தோஷப்பட்டேனா? பட்டேன், சத்தியமாக. மூட்டையைத் தூக்கிக் கொடுத்தவனுக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்குமா? பொறாமை போய்விட்டதா? அதை மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்கே அவள் செங்கல் சுவரை உள்ளங்கையில் வரைந்துகொண்டிருந்தாள், என் பேனாவால்தான்.

ஆனால் இந்தப் பத்தி செவ்வாய்க்கிழமைக்குள் முடிந்துவிட்டது. விசில் கயிறும், ரேஷன் வரிசைச் செருப்பும் மேஜைமேல் காத்திருக்கின்றன.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: படித்து முடித்ததும் இந்தப் பக்கத்தில் பஜ்ஜி கட்டிவிடாதீர்கள் — ஆறு மூலையாக வெட்டி அனுப்புங்கள், அமுலுவுக்கு இன்னும் நூறு வேண்டுமாம்.